துடுப்பு நனையாத நாள்

வட அமெரிக்காவின் ஏரிக்காடுகளில் கனோ என்னும் இலேசான தோணியில் பல நாள் பயணம் போகிறவர்கள், திட்டத்தின் நடுவில் ஒரு நாளைச் சும்மா விட்டுவைப்பார்கள். அன்று கூடாரம் பிரிக்கப்படாது, மூட்டை கட்டப்படாது. நேற்றிரவு தூங்கிய இடத்திலேயே இன்றிரவும் தூக்கம். ஆங்கிலத்தில் இதற்கு 'லேஓவர் டே' என்று பெயர். தமிழில் தங்கல் நாள் எனலாம். துணி அலசுவது, ரொட்டி சுடுவது, மீனுக்குத் தூண்டில் போடுவது, வெயிலேறிய பாறையில் கிடப்பது என்று கழியும் இந்த நாள் இன்று விடுமுறைக்குள் ஒரு விடுமுறை. ஆனால் கனோவின் நெடிய வரலாற்றில் இப்படியொரு நாளை விரும்பி எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. காற்று அதைத் திணித்தது. பின்னர் பாதிரிமார்கள் அதைக் கேட்டுப் போராடினார்கள். கனோவை நம்பி யாரும் பிழைக்க வேண்டியதில்லை என்றான பிறகே அது பயணியின் கைக்கு வந்தது.

கனோவை உருவாக்கியவர்கள் அந்த நிலத்தின் பூர்வகுடிகள். அமெரிக்காவின் மினசோட்டாவுக்கும் கனடாவின் ஒன்டாரியோவுக்கும் நடுவிலுள்ள எல்லை ஏரிகள் அனிஷினாபே மக்களின் நாடு. ஒஜிப்வே என்றும் அவர்களைச் சொல்வதுண்டு. வெள்ளை பிர்ச் மரத்தின் பட்டையைக் கோடைத் தொடக்கத்தில் பாளமாக உரித்து, உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி மடிப்பார்கள். சிடார் மரச் சிம்புகள் அதற்கு விலா எலும்பு; ஸ்ப்ரூஸ் மரத்தின் வேரே தையல் நூல்; மரப்பிசினில் கொழுப்பும் கரியும் கலந்து காய்ச்சிய குழம்பு மூட்டுகளை அடைக்கும். ஆணி ஒன்றுகூட வேண்டாம். கிழிந்தால் காட்டிலேயே மருந்து உண்டு.

இந்த மக்களின் வாழ்வில் பயண நாள், ஓய்வு நாள் என்ற பிரிவினையே பொருந்தாது. வசந்தத்தில் மேப்பிள் சாறு இறக்கிச் சர்க்கரை காய்ச்சும் தோப்பு, பிறகு மீன் ஏறும் அருவியடி, கோடை முடிவில் மனோமின் எனப்படும் காட்டு அரிசி விளையும் ஏரி, குளிர்காலத்தில் வேட்டைக்காடு என்று குடும்பம் குடும்பமாக இடம் மாறினார்கள். மனோமின் அறுவடையே கனோவில் நடக்கும்: ஒருவர் தோணியை நகர்த்த, இன்னொருவர் இரண்டு கோல்களால் கதிரை வளைத்துத் தட்டித் தோணிக்குள் உதிர்ப்பார். ஓரிடத்தில் இறங்கினால் வாரக்கணக்கில் தங்கல். பயணம் என்பது இரண்டு தங்கல்களுக்கு நடுவே முடிக்க வேண்டிய வேலை, அவ்வளவே. கணக்கைத் தலைகீழாக்கி, பயணத்தை முதலாகவும் தங்கலை நஷ்டமாகவும் எழுதியது விலங்கு ரோம வணிகம்.

ஐரோப்பாவில் பீவர் என்னும் விலங்கின் ரோமத்தால் செய்த தொப்பிக்கு இருந்த மோகம்தான் அந்த வணிகத்தின் அடிப்படை. மான்ட்ரியலைத் தலைமையிடமாகக் கொண்ட நார்த் வெஸ்ட் கம்பெனி 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இதில் கோலோச்சியது. அதன் தோணிகளை ஓட்டிய பிரெஞ்சுக் கனடியக் கூலிகளுக்கு 'வோயாஜெர்' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் பயணி என்று பொருள். பெயரில் சுகமிருக்கிறது, தொழிலில் இல்லை. மே மாதம் பனிக்கட்டி உருகியதும் மான்ட்ரியலுக்கு அருகிலுள்ள லஷீனில் புறப்படும் பெரிய கனோ சுமார் 11 மீட்டர் நீளம். மூன்று டன்னுக்குக் குறையாத சரக்கு ஏற்றும். ஜூலையில் சுப்பீரியர் ஏரியின் மேற்குக் கரையிலுள்ள கிராண்ட் போர்ட்டேஜில் அது சேர்ந்தாக வேண்டும். உள்நாட்டில் குளிர்காலம் கழித்தவர்கள் ரோமக் கட்டுகளோடு அங்கே வந்து காத்திருப்பார்கள். சரக்கு கைமாறியதும், ஏரிகள் உறைவதற்குள் இரு தரப்பும் வந்த வழியே திரும்ப வேண்டும். பனிக்கும் பனிக்கும் நடுவே கிடைக்கும் ஐந்து மாதத்தில் ஒரு நாள் வீணானாலும் அது கம்பெனியின் கணக்கில் விழும்.

எனவே ஓய்வை மிகச் சிறிய துண்டுகளாக நறுக்கிக் கொடுத்தார்கள். சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை துடுப்பை நிறுத்திப் புகைக்குழாய் பிடிக்க அனுமதி உண்டு. அந்த இடைவெளிக்கே 'பைப்' என்று பெயர் வந்து, ஏரியின் நீளத்தை இத்தனை பைப் என்று அளக்கவும் ஆரம்பித்தார்கள். நேரத்தைக் கொண்டு தூரத்தை அளப்பது தமிழருக்குப் புதிதல்ல. நாழிகை வழி என்ற பழைய அளவும் இதே தர்க்கம்தான். நீர்வழி அறுந்த இடங்களில் தோணியையும் சரக்கையும் சுமந்து அடுத்த நீருக்கு நடப்பார்கள். இந்தச் சுமைவழிதான் போர்ட்டேஜ். ஒரு கட்டு 90 பவுண்டு, அதாவது 41 கிலோ. நெற்றியில் மாட்டிய தோல்பட்டையில் இரண்டு கட்டுகளைத் தொங்கவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போவது வழக்கம். நீண்ட சுமைவழிகளில் சில நூறு மீட்டருக்கு ஓரிடத்தில் சுமையை இறக்கிவைப்பார்கள். அதற்கு 'போஸ்' என்று பெயர். தமிழ்நாட்டுச் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் செய்த வேலையை அங்கே வெறும் தரை செய்தது. ஆனால் போஸில் உட்கார முடியாது. கட்டை இறக்கியவர் அடுத்த கட்டை எடுக்கத் திரும்ப நடப்பார். அந்த வெறுங்கை நடைதான் ஓய்வு. கிராண்ட் போர்ட்டேஜின் சுமைவழி மட்டும் சுமார் 14 கிலோமீட்டர்.

இந்த ஓட்டத்தை முழு நாள் நிறுத்தக்கூடிய ஒரே முதலாளி காற்று. சுப்பீரியர் ஏரி பெயருக்குத்தான் ஏரி, அலையில் கடல். சரக்கேற்றிய பட்டைத்தோணியின் விளிம்பு நீருக்குச் சற்று மேலேதான் நிற்கும். நடு ஏரியில் காற்று எழுந்தால் தப்ப வழியில்லை. அதனால் கரையை ஒட்டியே போவார்கள். இருட்டோடு புறப்பட்டுக் காலை உணவுக்கு முன்பே பல மணி நேரம் துடுப்புப் போட்டுவிடுவார்கள். விடியலில் நீர் அசையாமல் கிடக்கும், நண்பகலில் காற்று எழும் என்பது கோடைக்கால ஏரிகளின் பொதுக் குணம். காற்று தணியாத நாளில் தோணியைக் கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டு அதன் நிழலில் காத்திருப்பார்கள். இப்படிக் கரையில் சிக்குவதைக் கனடியப் பிரெஞ்சில் 'தெகிராதே' என்றார்கள். அதே சொல்லுக்குத் தரமிறங்கியது என்றும் பொருள் இருப்பது தற்செயலாக இருக்கலாம். சம்பளத்துக்கு ஓடியவர்களுக்கு அந்தப் பொருளும் சரியாகவே பட்டிருக்கும். அந்த நாளிலும் மூட்டுகளுக்குப் பிசின் பூசுவது, கிழிசல் தைப்பது என்று வேலை இருந்தது. பயணத்துக்கு அளந்து ஏற்றிய சோளமும் பன்றிக்கொழுப்பும் காற்று அடிக்கும் நாளிலும் தீர்ந்துகொண்டுதான் இருக்கும். காற்றைத் தணிக்க நீரில் புகையிலை தூவும் அனிஷினாபே வழக்கத்தை வோயாஜெர்களும் பழகிக்கொண்டார்கள்.

1821இல் நார்த் வெஸ்ட் கம்பெனி அதன் போட்டியாளரான ஹட்சன்ஸ் பே கம்பெனியோடு இணைந்தது. அதன் ஆளுநராக வந்த ஜார்ஜ் சிம்ப்சன் தங்கல் என்ற சொல்லுக்கே பகைவர். நள்ளிரவு தாண்டிய சிறிது நேரத்தில் ஆட்களை எழுப்பிப் புறப்பட வைப்பதில் பேர்போனவர். 1824இல் ஹட்சன் விரிகுடாக் கரையிலிருந்து கண்டத்தைக் குறுக்கே கடந்து பசிபிக் கரையை 84 நாளில் தொட்டார். அதுவரை யாரும் அவ்வளவு விரைவாகப் போனதில்லை.

இந்த சிம்ப்சனோடு ஒரு நாளுக்காக மோதியவர் ஜேம்ஸ் எவன்ஸ் என்ற மெதடிஸ்ட் பாதிரியார். 1840இல் வின்னிபெக் ஏரியின் வட முனைக்கு அருகிலுள்ள நார்வே ஹவுஸுக்கு வந்தவர். கிரீ என்னும் பூர்வகுடிகளின் மொழிக்கு எழுத்து வடிவம் செய்தவர் என்பதற்காக இன்றும் நினைக்கப்படுகிறார். தகரத்தால் ஆன கனோவில் ஊர் ஊராகப் போனார். அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற கிரீ படகோட்டிகள் ஞாயிற்றுக்கிழமை துடுப்பைத் தொட மறுத்தார்கள். ஓய்வுநாளைக் கைக்கொள்வது கட்டளை என்றார் எவன்ஸ். கோடை குறுகியது, ஏழில் ஒரு நாளை இழக்க முடியாது என்றது கம்பெனி. மிஷனரிகள் அழகான ஒரு பதிலை வைத்திருந்தார்கள்: ஞாயிறு ஓய்ந்த குழு திங்கள் முதல் சனி வரை வேகமாகப் போகும், கடைசியில் கணக்கு நேராகிவிடும். கம்பெனி இதை நம்பவில்லை. எவன்ஸுக்கும் சிம்ப்சனுக்கும் இடையே ஏற்பட்ட விரிசலில் இந்த ஞாயிறு வழக்கும் ஒன்று. ஆனாலும் கனோப் பயணத்தில், காற்றில்லாத நல்ல நாளிலும் தங்கலாம் என்ற எண்ணத்துக்கு ஒரு வலுவான வக்காலத்து இங்கே வந்தது. அதைச் செயலில் காட்டியவர்கள் துடுப்புப் போட்ட கிரீ ஆட்கள்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவிக் கப்பலும் ரயிலும் சரக்கைத் தூக்கிக்கொண்டு போக, நகரத்தார் கனோவைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொண்டார்கள். ஸ்காட்லாந்துக்காரரான ஜான் மக்கிரெகர் 1865இல் 'ராப் ராய்' என்ற சிறு தோணியில் ஐரோப்பிய நதிகளைச் சுற்றிவந்து எழுதிய நூல் இதற்கு நாகரிக மதிப்பு தந்தது. நியூயார்க் மாநிலத்தின் அடிராண்டாக் காடுகளை நோக்கிக் கூட்டத்தைத் திருப்பியது 1869இல் வந்த ஒரு புத்தகம். எழுதியவர் வில்லியம் முர்ரே, பாஸ்டன் நகரப் போதகர். களைத்த நகரவாசிக்குக் காடு மருந்து என்பது அவர் கட்சி. அமெரிக்கன் கனோ அசோசியேஷன் 1880இல் தொடங்கியது.

தங்கல் நாளின் இன்றைய மனநிலையை வடித்துக்கொடுத்தவர் என்றால் ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸைச் சொல்ல வேண்டும். பென்சில்வேனியாவில் செருப்புத் தைத்துப் பிழைத்தவர், ஒல்லியான சிறு உருவம், நோயாளி. 'நெஸ்முக்' என்ற புனைபெயரில் எழுதினார். வழிகாட்டியை அமர்த்தவும் கனத்த தோணியைத் தூக்கவும் வசதியோ வலுவோ இல்லாததால், ரஷ்டன் என்ற தோணிச் சிற்பியிடம் மேலும் மேலும் இலேசான கனோ கேட்டார். 1883இல் அவருக்குக் கிடைத்த 'சேரி காம்ப்' ஐந்து கிலோவுக்கும் குறைவு. அடுத்த ஆண்டு வெளிவந்த அவருடைய 'உட்கிராஃப்ட்' நூலின் சாரம், காட்டுக்குப் போவது கஷ்டப்பட அல்ல, கஷ்டம் ஊரிலேயே போதுமான அளவு கிடைக்கிறது என்பது. நல்ல நெருப்பு, உலர்ந்த படுக்கை, அவசரமின்மை ஆகிய மூன்றுமே அவர் கேட்டவை. உழைப்பாளி ஒருவர் எழுதியதால்தான் அந்த வாதத்துக்குக் கனம் கூடியது.

எல்லா நிலத்திலும் அவசரமின்மை கட்டுப்படியாகவில்லை. 1903இல் லியோனிடஸ் ஹப்பர்ட் என்ற பத்திரிகையாளர் இரு துணைவரோடு கிழக்குக் கனடாவிலுள்ள லாப்ரடாரின் உள்நாட்டைக் கடக்கப் புறப்பட்டுத் தவறான ஆற்றில் ஏறினார். செப்டம்பரில் ஒரு பெரிய ஏரியின் கரையில் நாள் கணக்கில் காற்று அவர்களைக் கட்டிப்போட்டது. 'விண்ட்பவுண்ட்' ஏரி என்றே அதற்குப் பெயரிட்டார்கள். உணவு கரைந்தது, திரும்ப முடிவெடுத்தபோது நேரம் கடந்துவிட்டது. அக்டோபரில் ஹப்பர்ட் பட்டினியால் இறந்தார். ஈராண்டு கழித்து அவர் மனைவி மினா ஹப்பர்ட், முந்தைய பயணத்தில் உயிர் தப்பிய ஜார்ஜ் எல்சனின் துணையோடு, ஜூன் முடிவில் புறப்பட்டு ஆகஸ்ட் முடிவில் அங்காவா விரிகுடாவை அடைந்தார். சரியான ஆற்றைப் பிடித்ததும், பருவம் இருக்கும்போதே முடித்ததும் வித்தியாசம்.

விரும்பி எடுத்த ஓய்வின் விலை பற்றிய விவாதத்தில் இன்றும் அடிபடும் பெயர் ஆர்தர் மோஃபட். ஆல்பனி ஆற்றில் பலமுறை போய்ப் பழகியவர். 1955 கோடையில் ஐந்து இளைஞர்களை அழைத்துக்கொண்டு சஸ்காச்சவன் மாகாணத்தின் வடக்கிலிருந்து டுபான்ட் ஆற்று வழியாகப் பேக்கர் லேக் என்ற ஊரை நோக்கிப் போனார். 1893இல் டிர்ரல் சகோதரர்கள் போன வழி அது. மரமே முளைக்காத துந்திரப் பரப்பு. மோஃபட் திரைப்படம் எடுத்துக்கொண்டே போனார். குழு பல நாள் நகராமல் தங்கியது. செப்டம்பர் நடுவிலும் அவர்கள் ஆற்றிலேயே இருந்தார்கள், உணவு குறைந்திருந்தது, பனிப்பொழிவு தொடங்கியிருந்தது. செப்டம்பர் 14 அன்று ஒரு சரிவோட்டத்தை முன்கூட்டிப் பார்வையிடாமல் இறங்கியபோது தோணிகள் கவிழ்ந்தன. உறைநீரில் கிடந்த மோஃபட் குளிர் தாங்காமல் இறந்தார். மற்ற ஐவரும் பேக்கர் லேக் போய்ச் சேர்ந்தார்கள். அந்த நிற்றல்களில் சோம்பல் எவ்வளவு, காற்றும் மழையும் எவ்வளவு என்பதில் உடன் போனவர்களும் பின்னால் எழுதியவர்களும் ஒத்துப்போகவில்லை. ஜூலையில் எடுத்த நாளுக்கான கடன் செப்டம்பரில் வந்து நிற்கும் என்ற கணக்கை மட்டும் வடக்கே போகிற எவரும் மறுப்பதில்லை.

தெற்கே, எல்லை ஏரிகளில், இந்தக் கடன் சிறியது. பெரும்பாலும் சிறு ஏரிகள், குறுகிய சுமைவழிகள், ஒரு வாரப் பயணம். அங்கேதான் தங்கல் நாள் ஒரு வழக்கமாக வேரூன்றியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒன்டாரியோவின் டெமகாமி ஏரியிலும் அல்கொன்கின் பூங்காவிலும் சிறுவர்களுக்கான கோடை முகாம்கள் வந்தன. மினசோட்டாவின் ஈலி ஊரைச் சுற்றிச் சாரணர் முகாம்களும், கனோ வாடகைக்குக் கொடுத்து உணவும் கட்டித்தரும் கடைகளும் பெருகின. சிறுவர்களை நாள்தோறும் ஓட்டினால் நான்காம் நாள் கைக்கொப்புளம் பேசத் தொடங்கும். நிற்கத் தெரிந்த வழிகாட்டியே நல்ல வழிகாட்டி. ஈலியில் வழிகாட்டியாக இருந்து எழுத்தாளரான சிகர்ட் ஓல்சன் (1899–1982), வோயாஜெர்களின் வழித்தடங்களைத் தேடித்தேடிப் பயணம் செய்தார். அவர்களின் பாட்டையும் துடுப்பையும் ரசித்த அந்தத் தலைமுறை, அவர்களின் வேலைநேரத்தை மட்டும் சௌகரியமாக மறந்துவிட்டது.

தங்குவதற்குக் காடு மிஞ்சியதே ஒரு போராட்டத்தின் விளைவு. 1909இல் எல்லைக்குத் தெற்கே சுப்பீரியர் தேசியக் காடும் வடக்கே குவெட்டிகோ காப்புக்காடும் அறிவிக்கப்பட்டன. 1920களில் எட்வர்ட் பேக்கஸ் என்ற மர ஆலை முதலாளி எல்லை ஏரிகளில் தொடராக அணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்தத் திட்டமிட்டார். கட்டியிருந்தால் அருவிகளும் தீவுகளும், கூடாரம் அடிக்கிற கரைப்பாறைகளும் மூழ்கியிருக்கும். எர்னஸ்ட் ஓபர்ஹோல்ட்சர் என்பவர் முன்னின்று எதிர்த்தார். 1930ஆம் ஆண்டின் ஷிப்ஸ்டெட்–நியூட்டன்–நோலன் சட்டம் இயற்கை நீர்மட்டத்தை மாற்றுவதையும் கரையோரம் மரம் வெட்டுவதையும் கட்டுப்படுத்தியது. கடல்விமானத்தில் நேராக ஏரியில் வந்திறங்கும் வழக்கத்தை 1949இல் அதிபர் ட்ரூமனின் ஆணை தடுத்தது. 1964, 1978 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பிறகு எல்லை ஏரிகளின் அமெரிக்கப் பக்கமான 'பவுண்டரி வாட்டர்ஸ்' சுமார் பத்து லட்சம் ஏக்கர் கனோப் பரப்பாக நிலைத்தது.

காக்கப்பட்ட காடு ஆளில்லாக் காடாக வரையப்பட்டதற்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. குவெட்டிகோவுக்குள் இருந்த அனிஷினாபே மக்களின் 24சி ஒதுக்கீட்டு நிலத்தை 1915இல் ஒன்டாரியோ அரசு ரத்து செய்தது. மன்னிப்புக் கேட்டது 1991இல். அமெரிக்கப் பக்கத்தில், சட்டம் வெளியேறச் சொல்லியும் விதிவிலக்கு பெற்றுத் தங்கியவர் டோரதி மோல்ட்டர். நைஃப் ஏரித் தீவில் தனியாக வாழ்ந்து, வழிப்போக்கர்களுக்கு வீட்டில் தயாரித்த ரூட் பீர் கொடுத்தார். மதுவில்லாத மூலிகைப் பானம் அது. 1986இல் அவர் இறக்கும்வரை அந்தத் தீவு ஆயிரக்கணக்கான கனோக்காரர்களின் தங்கல் நாளுக்கு ஒரு போக்கிடம்.

சாதனங்களும் நாளை விடுவித்தன. இரண்டாம் உலகப்போர் முடிவில் க்ரம்மன் விமானக் கம்பெனி செய்த அலுமினியக் கனோ பராமரிப்பே கேட்கவில்லை. பிசின் காய்ச்சும் மாலைகள் ஒழிந்தன. பின்னர் வந்த கெவ்லார் கனோ 20 கிலோவுக்குள் அடங்கியது, சுமைவழியை ஒருவரே கடக்கலாம். வேகம் கூடியதால் மிச்சப்பட்ட நேரத்தைச் சிலர் இன்னும் அதிக ஏரிகளைக் கடக்கச் செலவிட்டார்கள், சிலர் தங்கலுக்கு.

இன்றைய தங்கல் நாளுக்கு ஏறக்குறைய ஒரு நிலையான உருவம் உண்டு. இடம் பெரும்பாலும் காற்று வாங்கும் பாறைமுனை, கொசு நிற்காத இடம். வோயாஜெரைக் கட்டிப்போட்ட அதே காற்று இங்கே விருந்தாளி. காலையில் நெருப்பருகே தகரப் பிரதிபலிப்பு அடுப்பை வைத்து ரொட்டி சுடுவது பழைய முகாம்களின் பழக்கம். மாவு, கொழுப்பு, தண்ணீர் சேர்த்து வாணலியில் சுடும் பானக் அதைவிடப் பழையது. ஈரமான காலுறைகள் கயிற்றில் ஏறும். பிறகு சுமையில்லாத தோணியில் பக்கத்து ஏரிக்கு ஒரு சுற்று: ஹெக்மன் ஏரியிலும் லக் லா குரோயிலும் செங்காவியால் முன்னோர் தீட்டிய பாறை ஓவியங்கள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தெரியும். ஜூலை பிற்பகுதியானால் பாறையிடுக்கில் புளூபெரி. மாலைக்கு வால்ஐ என்னும் ஏரி மீன், இருட்டியதும் லூன் பறவையின் கூவல்.

காற்று தன் பழைய உரிமையை எப்போதாவது நினைவூட்டும். 1999 ஜூலை 4, ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காவின் விடுதலை நாள். தங்கல்கள் நிரம்பியிருந்த நண்பகலில் பெரும் புயற்காற்று பவுண்டரி வாட்டர்ஸைக் குறுக்காகக் கிழித்துப்போய் லட்சக்கணக்கான ஏக்கரில் மரங்களைச் சாய்த்தது. கூடாரங்கள்மேல் மரம் விழுந்து பலர் காயப்பட்டார்கள். சுமைவழிகளை மரங்கள் மூடியதால், கிளம்ப நினைத்தவர்களும் மீட்புக்குழு வரும்வரை தங்க நேர்ந்தது.

தங்கல் நாளை இன்று எப்போது முடிவு செய்வது என்பது அனுமதிச்சீட்டைப் பொறுத்தது. அல்கொன்கினில் ஒவ்வோர் இரவுக்கும் எந்த ஏரி என்று முன்பதிவு செய்ய வேண்டும். ஓரிடத்தில் இரண்டு இரவு என்பதை அந்த முன்பதிவிலேயே எழுதிக்கொடுத்துவிட வேண்டியதுதான். பவுண்டரி வாட்டர்ஸில் நுழையும் நாளுக்கும் வாயிலுக்கும் மட்டுமே ஒதுக்கீடு. உள்ளே போன பிறகு, இரும்பு நெருப்புத்தட்டும் மறைவிடக் கழிப்பறையும் உள்ள சுமார் 2,000 தங்கல் இடங்களில் காலியாக இருப்பதில் முதலில் வந்தவர் இறங்கலாம். ஒரு குழுவில் ஒன்பது பேருக்கு மேல் கூடாது. புறப்படுவதா தங்குவதா என்பதை அன்று காலை, கூடாரத்தின் வாயைத் திறந்து வானத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் தங்கக்கூடாது என்பது விதி.